கொப்பி முடிந்தது என்றால் எது முடிந்தது?

கோண்டாவிலில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை என் பெரியம்மாவின் மகன். கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்படுகிற இரவு, வான் படலையடியில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. “தம்பி, வீடியோவை ஏற்றிவிட்டாயா?” என்று அவர் மூன்றாவது முறை கேட்டபோது என் மடிக்கணினியின் திரையில், கொப்பி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை நிறைந்து மறைந்தது. பென்டிரைவைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன். ரொறன்ரோவில் குடும்பமே கூடியிருந்து பார்த்தபோது பொன்னுருக்கல் வந்தது, மாப்பிள்ளை புறப்பாடு வந்தது, தாலி கட்டும் பகுதி மட்டும் வரவில்லை. கோப்பின் பெயர் இருந்தது. அளவு பூச்சியம்.

“வைரஸ்” என்றார் சித்தப்பா. யாழ்ப்பாணத்தில் பென்டிரைவில் எது பிழைத்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். படம் திறக்காவிட்டால் வைரஸ், கோப்பு ஏறாவிட்டால் வைரஸ், பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் வைரஸ். உண்மையில் அன்றைய பிழை என்னுடையது. திரை ஒன்றைச் சொன்னது, நான் வேறொன்றைப் புரிந்துகொண்டேன். கோப்பைக் கொப்பி பண்ணுவது என்று நாளுக்குப் பத்துத் தடவை செய்கிற ஒரு வேலையை இவ்வளவு தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோமே என்ற வெட்கத்தில் எழுதுவது இது. கணினி படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது.

கொப்பி கொடுத்ததும் எதுவும் நகர்வதில்லை

கணினியில் கோப்புகளைப் பார்க்கவும் நகர்த்தவும் பெயர் மாற்றவும் நாம் திறக்கிற சாளரத்தின் பெயர் கோப்பு மேலாளர். விண்டோசில் அது ஃபைல் எக்ஸ்புளோரர், மக் கணினியில் ஃபைண்டர், லினக்சில் நாட்டிலஸ், டொல்பின் என்று பல. பெயர்தான் மேலாளர், செய்கிற வேலை எழுதுவினைஞருடையது. நாம் சொல்வதை எழுதிக்கொண்டு போய் உள்ளே கொடுத்துவிட்டு, உள்ளே சொல்வதை வந்து நமக்குச் சொல்வார். சரக்கைத் தூக்குவது வேறு ஆட்கள்.

கோப்பு ஒன்றைத் தெரிந்து கொன்ட்ரோல் விசையோடு ‘சி’யை அழுத்தினால், அந்தக் கோப்பு கணினியின் நினைவகத்துக்கு வந்துவிட்டதென்றே பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. எழுதுவினைஞர் ஒரு துண்டில் விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார்: இன்ன கோப்புறையில், இன்ன பெயருள்ள கோப்பு. 10 ஜிகாபைட் வீடியோவுக்கும் ஒரு பக்கக் கடிதத்துக்கும் துண்டு ஒரே அளவுதான். இடம் மாறிப் போய் ‘வி’யை அழுத்தும்போதுதான் துண்டைப் பார்த்துச் சரக்கை எடுக்கக் கிளம்புகிறார்கள்.

ஆகவே நண்பரின் பென்டிரைவில் கொப்பி கொடுத்துவிட்டு, அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்த பின் உங்கள் கணினியில் ஒட்ட முயன்றால் ஒன்றும் கிடைக்காது. விலாசம் இருக்கிறது, வீடு போய்விட்டது. ‘கட்’ கொடுத்தாலும் இதே கதைதான். விண்டோசில் கோப்பின் படம் மங்கலாகும், அவ்வளவுதான். ஒட்டும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். கட் கொடுத்த பின் மின்சாரம் நின்றுவிட்டதே என்று பதறுகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தோம்பும் காணியும்

அடுத்த குழப்பம் நகர்த்துவதில். 20 ஜிகாபைட் கோப்புறை ஒன்றை ஒரே வட்டுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. அதையே பென்டிரைவுக்கு இழுத்தால் அரை மணித்தியாலம் ஆகிறது. ஏன்?

காணி விற்று வாங்குகிற ஊரில் இதை விளக்குவது சுலபம். காணி கை மாறும்போது மண்ணை யாரும் அள்ளிச் செல்வதில்லை. நொத்தாரிசு உறுதி எழுதுகிறார், காணிப் பதிவகத்தில் பதிவு மாறுகிறது. பனையும் கிணறும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. போர்த்துக்கேயர் தொடங்கிவைத்து, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் விரித்து எழுதிய தோம்புகள் இத்தகைய பதிவேடுகளே. எந்தக் காணி, எங்கே, யாருடையது என்று அவற்றில் எழுதியிருக்கும்.

ஒவ்வொரு வட்டிலும் பென்டிரைவிலும் இப்படி ஒரு தோம்பு இருக்கிறது. கோப்பின் பெயர், அளவு, திகதி, அது வட்டின் எந்தெந்தத் துண்டங்களில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகும். தோம்பை எப்படி எழுதுவது, துண்டங்களை எப்படிப் பிரிப்பது என்ற விதிகளின் தொகுதிதான் கோப்பு முறைமை. ஃபாட் 32, எக்ஸ்ஃபாட், என்.டி.எஃப்.எஸ். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவையெல்லாம் வெவ்வேறு தோம்பு முறைகள்.

ஒரே வட்டுக்குள் நகர்த்தும்போது தோம்பில் ஒரு வரி மாறுகிறது, தரவு அசைவதில்லை. வேறு வட்டுக்கு நகர்த்துவது அப்படியல்ல, அங்கே வேறு தோம்பு, வேறு மண். எனவே கணினி முதலில் முழுவதையும் அங்கே பிரதி எடுத்து, பிறகு இங்கே அழிக்கிறது. பென்டிரைவுக்கு ‘நகர்த்துகிறோம்’ என்பதெல்லாம் நாம் வைத்த பெயர். நடுவில் கம்பி கழன்றால் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடப்பது இதனால்தான். முக்கியமான எதையும் நான் வேறு வட்டுக்கு நகர்த்துவதில்லை. பிரதி எடுத்து, திறந்து பார்த்து, பிறகு மூலத்தை அழிப்பேன். சோம்பல் வரும்போது தாலி கட்டாத வீடியோவை நினைத்துக்கொள்வேன்.

துண்டம் என்றேன். வட்டு சம அளவுத் துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு துண்டத்தில் இரண்டு கோப்புகள் குடியிருக்க முடியாது. விண்டோசில் 64 ஜிகாபைட் பென்டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில், அளவு எதையும் மாற்றாமல் ஃபோர்மட் செய்தால் ஒரு துண்டம் 128 கிலோபைட். ஒரே ஓர் எழுத்து மட்டும் உள்ள கோப்பும் அங்கே 128 கிலோபைட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரும். கோப்பின் அளவு ஒன்றாகவும், வட்டில் அது பிடித்த இடம் வேறாகவும் காட்டுவதைப் பார்த்து, கொப்பியில் ஏதோ கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கொப்பி கொடுத்தால் விலாசம் மட்டும் குறிக்கப்படும். ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் பதிவு மட்டும் மாறும். வட்டு விட்டு வட்டுப் போனால்தான் தரவு உண்மையில் பயணம் செய்யும்.

தொட்டி நிரம்பியது, தோட்டம் நனையவில்லை

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துக்கு இறைப்பதை நினையுங்கள். பம்பி கிணற்றிலிருந்து இழுத்துத் தொட்டியை நிரப்புகிறது. தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் பாத்தி பாத்தியாகப் போகிறது. பம்பி வேகமானது, வாய்க்கால் மெதுவானது. கிணற்றடியில் நிற்பவர் பம்பியை நிறுத்திவிட்டு “இறைத்தாயிற்று” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசிப் பாத்தியில் வெங்காயம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

கணினியின் வட்டு வேகமாக வாசிக்கும், பென்டிரைவ் மெதுவாக எழுதும். இரண்டுக்கும் நடுவே கணினி தன் நினைவகத்தில் ஒரு தொட்டி கட்டி வைத்திருக்கிறது. இடைத்தேக்கம் என்பது அதுதான். கோப்பு மேலாளர் தரவைத் தொட்டியில் கொட்டியதும் தன் வேலை முடிந்ததென்று பட்டையை மறைத்துவிடுகிறார். தொட்டியிலிருந்து பென்டிரைவுக்கு எழுதுவது பின்னால் தொடர்கிறது. நான் வைத்திருந்தது லினக்ஸ் கணினி, அதில் இந்தத் தொட்டி பெரியது. நினைவகம் தாராளமாக உள்ள கணினியில் ஒன்றிரண்டு ஜிகாபைட் தொட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். பட்டை பறந்தோடிப் போய் முடியும், அல்லது நூறு விழுக்காட்டில் வந்து அசையாமல் நிற்கும். நிற்பதைப் பார்த்துக் கணினி உறைந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் தொட்டி வடிந்துகொண்டிருக்கிறது.

நான் பிடுங்கிய கணத்தில் கடைசிக் கோப்பின் பெயர் தோம்பில் ஏறிவிட்டது. உள்ளடக்கம் தொட்டியில் நின்றுவிட்டது. பெயர் உண்டு, காணி இல்லை. பூச்சியம் பைட் என்பதன் பொருள் இது.

“பாதுகாப்பாகக் கழற்று” என்று கணினியில் ஒரு தெரிவு இருக்கிறதே, அது மரியாதைக்காக வைத்ததல்ல. அதை அழுத்தினால் கணினி தொட்டியை முழுவதும் வடியவிட்டு, தோம்பை மூடி, “இப்போது கழற்றலாம்” என்று சொல்லும். விண்டோசில் நிலைமை கொஞ்சம் தேவலை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் கருவிகளுக்குத் தொட்டியில் தேக்கிவைக்காமல் எழுதுவதே வழக்கமான அமைப்பு. அதனால் அங்கே பட்டை முடிந்த பின் பிடுங்கினாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். தொலைக்காட்சி, கமரா, நண்பரின் பழைய கணினி என்று இடத்துக்கு இடம் எந்த அமைப்பு என்று யார் பார்த்தது? எனக்கு ஒரே பழக்கம் போதும்: எங்கும் முறையாகக் கழற்றுவது.

மீதி நேரம் ஏன் தடுமாறுகிறது

“இன்னும் 2 நிமிடம்” என்று காட்டும். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தால் “இன்னும் 11 நிமிடம்” என்று காட்டும். கோப்பு மேலாளருக்கு எதிர்காலம் தெரியாது. இதுவரை போன வேகத்தைக்கொண்டு மீதியை வகுத்துச் சொல்கிறார். பரந்தனில் பஸ் ஓடுகிற வேகத்தை வைத்துக் கொழும்பு போய்ச் சேரும் நேரத்தைச் சொல்வது போல. வத்தளையில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்பது கணக்கில் இல்லை.

வேகம் ஏன் மாறுகிறது? முதற்காரணம் தொட்டி, அது நிரம்பும்வரை வேகம், பிறகு வாய்க்காலின் வேகம். மலிவான பென்டிரைவ் பலவற்றுக்கு உள்ளேயே இன்னொரு சிறு தொட்டி உண்டு, அது நிரம்பியதும் மறுபடி இறங்கும். அடுத்தது கோப்புகளின் எண்ணிக்கை. ஒரே அளவுதான் என்றாலும், ஒரு 2 ஜிகாபைட் வீடியோவைவிட 2 ஜிகாபைட் புகைப்படங்கள் மெதுவாகப் போகும். சீமெந்து மூடை ஏற்றிய லொறியைச் சோதனைச் சாவடியில் ஒரு துண்டைப் பார்த்து அனுப்பிவிடலாம். பஸ்ஸில் ஆளுக்கு இரண்டு பொதி என்று வந்தால் ஒவ்வொன்றையும் இறக்கி, திறந்து, பதிந்து, கட்டி ஏற்ற வேண்டும். ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தோம்பில் வரி திறக்க வேண்டும், துண்டம் ஒதுக்க வேண்டும், திகதி எழுத வேண்டும், வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதுவும் ஒருமுறை மோந்து பார்க்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் முதலில் எல்லாவற்றையும் ஒரே சிப் கோப்பாகக் கட்டி அனுப்புவது இதனால்தான் பலன் தருகிறது.

பென்டிரைவைச் செருகுகிற துளையும் முக்கியம். யூ.எஸ்.பி. 2.0 துளையின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 60 மெகாபைட். நடைமுறையில் முப்பது நாற்பதுக்கு மேல் காண்பது அரிது. 3.0 துளை வினாடிக்கு 5 ஜிகாபிட், பல கணினிகளில் உள்ளே நீலமாக இருக்கும். ஆனால் துளை எவ்வளவு அகலமானாலும் பென்டிரைவ் எழுதுகிற வேகத்துக்குத்தான் போகும். வினாடிக்கு 10 மெகாபைட் எழுதுகிற ஒன்றில் 20 ஜிகாபைட் ஏற 33 நிமிடம் ஆகும், நீங்கள் எந்த மந்திரம் சொன்னாலும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் வாசிக்கும் வேகம். எழுதும் வேகத்தைச் சிறிய எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

இடம் இருக்கிறது, ஏறவில்லை

64 ஜிகாபைட் பென்டிரைவ் வெறுமையாக இருக்கிறது. 6 ஜிகாபைட் வீடியோ ஏற மறுக்கிறது. இந்த முறைப்பாடு மாதம் ஒருமுறையாவது என்னிடம் வரும்.

குற்றவாளி ஃபாட் 32. 1996இல் வந்த இந்தத் தோம்பு முறையில் ஒரு கோப்பின் அளவை எழுதுவதற்கு 32 பிட் இடம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுதக் கட்டம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பத்துக் கட்டம் விட்டிருந்தால் நம்மூர்ப் பெயர்கள் படும் பாடுதான். அந்தக் காலத்தில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ஒரே கோப்பு வரும் என்று யார் கண்டார்கள்?

தீர்வு எக்ஸ்ஃபாட். மைக்ரோசொஃப்ட் 2006இல் அறிமுகம் செய்தது. விண்டோசும் மக்கும் இதை எழுதும். 2019இல் விவரக்குறிப்பு வெளியிடப்பட்டபின் லினக்சும் நேரடியாக ஏற்றுக்கொண்டது. என்.டி.எஃப்.எஸ். விண்டோசுக்குச் சொந்தமானது, மக் கணினி அதை வாசிக்குமே தவிர வழக்கமான அமைப்பில் எழுதாது. முறையை மாற்ற வேண்டுமானால் பென்டிரைவை ஃபோர்மட் செய்ய வேண்டும், ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பவை போய்விடும். முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். இன்னொன்று: வீட்டில் உள்ள பழைய தொலைக்காட்சி எக்ஸ்ஃபாட்டை அடையாளம் காணாமல் போகலாம். அதற்காகவே ஒரு சிறிய பென்டிரைவை ஃபாட் 32 ஆக வைத்திருக்கிறேன்.

நேர்மாறான கோளாறும் உண்டு: இடம் இல்லை, ஆனால் ஏறுகிறது. நம்ப முடியாத விலையில் கிடைக்கிற 1 டெராபைட், 2 டெராபைட் பென்டிரைவ்களில் சில போலியானவை. உள்ளே 16 அல்லது 32 ஜிகாபைட்தான் இருக்கும், கட்டுப்படுத்தும் சில்லு மட்டும் கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்லும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் மேலும் எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் விழாமல் மறையும். கொப்பி பிழையில்லாமல் முடியும், பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் குப்பை. முழு இடத்தையும் எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கிற எஃப்3 போன்ற இலவசக் கருவிகள் இதைப் பிடித்துவிடும். புதிதாக வாங்கியதைப் பிள்ளையாரிடம் வைத்துக் கும்பிடுவதற்கு முன் ஓர் இரவு அந்தச் சோதனைக்கு விடுங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்தால்

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கப் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மூன்று சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

லினக்சின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘யாழ்ப்பாணம்’ என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்கு 11 குறியீடு, 33 பைட். அந்தச் சொல்லை எட்டு முறை எழுதினால் எல்லை தாண்டிவிடும். விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். 255 குறியீடுகள்வரை விடும். ஆகவே விண்டோசில் நிம்மதியாக இருந்த ‘திருமணமும் வரவேற்பும் நாலாம் சடங்கும்’ என்று தொடங்கும் நீண்ட பெயர், லினக்சுக்குப் போகும்போது “பெயர் மிக நீளம்” என்று நின்றுவிடலாம். கோப்பில் பழுதில்லை, பெயரைச் சுருக்கினால் போகும். விண்டோசுக்கு வேறொரு முரண்டு இருக்கிறது. கோப்புறைக்குள் கோப்புறை என்று போகிற முழு விலாசமும் 260 குறியீட்டுக்கு மேல் போனால் பல மென்பொருள்கள் இன்றும் திணறும்.

அடுத்தது இரட்டைப் பிள்ளைகள். ஒரே கோப்புறையில் ‘கௌரி’ என்று இரண்டு. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும் என்று ஒரு மச்சாள் கேட்டார். ஒன்றில் ஔகாரக் குறி சரியாக இருந்தது. மற்றதில் ஒற்றைக் கொம்பு போட்டு, ககரம் எழுதி, அடுத்து ளகரத்தைத் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘கொழும்பு’ போன்ற சொல்லில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். பழைய மக் கணினிகள் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து லினக்சுக்குக் கொண்டுவந்தால் ஏற்கெனவே உள்ளதை அது அடையாளம் காணாமல், பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிடும். கோப்பு மேலாளருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. எழுத்தைப் பார்க்கிறவர்கள் நாம், குறியீட்டைப் பார்க்கிறது அது.

மூன்றாவது சின்னச் சங்கதி. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை விண்டோஸ் பெயரில் அனுமதிக்காது. லினக்சில் ‘கலியாணம்: காலை’ என்று பெயர் வைத்தால் அது பென்டிரைவில் ஏறாமல் போகலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவற்றின் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது கொப்பியால் வந்த கேடு அல்ல. முதலிலிருந்தே அவை ஆங்கிலக் குறியீடுகள்தான், எழுத்துரு போட்ட வேடத்தில் தமிழாகத் தெரிந்தன.

சுருக்கமாக, ஏறாத கோப்புக்கு மூன்று இடத்தில் காரணம் தேடலாம்: தோம்பு முறை, பென்டிரைவின் உண்மையான கொள்ளளவு, பெயர்.

‘மாற்றீடு செய்’ என்ற பொல்லாத பொத்தான்

அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தால் கோப்பு மேலாளர் கேட்பார்: மாற்றீடு செய்யவா, விட்டுவிடவா, இரண்டையும் வைத்திருக்கவா? அவசரத்தில் முதலாவதையே எல்லோரும் அழுத்துகிறோம். தனிக் கோப்பென்றால் பழையது போகும், புதியது வரும். கோப்புறை என்றால் ஊருக்கு ஊர் நியாயம் வேறு. விண்டோஸ் இரண்டு கோப்புறைகளையும் கலக்கும், ஒரே பெயருள்ள கோப்புகளுக்கு மட்டும் கேள்வி வரும், மற்றவை அப்படியே இருக்கும். மக்கின் ஃபைண்டரில் ‘மாற்றீடு’ என்றால் பழைய கோப்புறை முழுவதும் போய்ப் புதியது அந்த இடத்தில் உட்காரும். விண்டோசில் பழகியவர் மக்கில் ‘படங்கள்’ என்ற கோப்புறையின் மேல் ‘படங்கள்’ என்று இன்னொன்றைப் போட்டு மாற்றீடு கொடுத்தால் பத்து வருடப் படங்கள் போகக்கூடும். சந்தேகமாக இருந்தால் புதிதாக ஒரு கோப்புறை திறந்து அதற்குள் போடுங்கள். இடம் மலிவு.

கைத்தொலைபேசியும் வட்ஸ்அப்பும்

கைத்தொலைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்தால் அது பென்டிரைவ் போலத் தெரியும், ஆனால் அது பென்டிரைவ் அல்ல. தொலைபேசி தன் தோம்பைக் கணினியிடம் கொடுப்பதில்லை. கணினி கேட்கக் கேட்க ஒவ்வொரு கோப்பாக எடுத்து நீட்டுகிறது. நூலகத்தில் புத்தக அடுக்குக்குள் போக விடாமல் கருமபீடத்தில் கேட்டு வாங்குவது போல. ஆகவேதான் மெதுவாக இருக்கிறது, ஆயிரம் படங்களை ஒன்றாகக் கேட்டால் நடுவில் நின்றுவிடுகிறது. நூறு நூறாக எடுங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்புவதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். அது சுருக்கி அனுப்புகிறது, போய்ச் சேர்வது வேறு கோப்பு. ஆவணமாக அனுப்பினால் மூலம் அப்படியே போகும், 2 ஜிகாபைட்வரை.

ஏடும் படியும்

பிரதிக்குத் தமிழில் ‘படி’ என்று ஒரு பழைய பெயர். ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதுவது படியெடுத்தல். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்” என்று பழமொழி உண்டு. ஒருவர் ஓரெழுத்தைப் பிழையாகக் கீறினால் அடுத்தவர் அந்தப் பிழையையும் படியெடுப்பார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிப்பதற்கு முன்பு பல ஏடுகளைத் தேடி வைத்து ஒப்பு நோக்கியது இந்தத் தொல்லையால்தான். எழுதி முடித்ததும் வேலை முடிவதில்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் படியைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான கோப்பு மேலாளர்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதில்லை. எழுதும்போது பிழை எதுவும் வரவில்லை என்றால் முடிந்தது என்கிறார்கள். எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்ப்பதில்லை.

முழுக் கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிடாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் கடைசியில் ஒரு குறுகிய எழுத்துத் தொடர் வரும். இதைக் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்வோம். எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கில் கைரேகை 64 எழுத்து. 10 ஜிகாபைட்டுக்கும் 64தான், ஒரு வரிக்கும் 64தான். உள்ளே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகும். மூலத்துக்கும் படிக்கும் கைரேகை ஒன்றாக இருந்தால் படி சரி. விண்டோசில் டெராகொப்பி, டோட்டல் கொமாண்டர் போன்றவற்றில் கொப்பி முடிந்ததும் சரிபார்க்கச் சொல்ல முடியும். லினக்சிலும் மக்கிலும் 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்ற கருவியைக் கைரேகையை ஒப்பிடும்படி கேட்கலாம்.

சரிபார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கொப்பி முடிந்த கையோடு சரிபார்த்தால் கணினி பென்டிரைவை வாசிக்காமல் தொட்டியில் கிடக்கும் தரவையே வாசித்து “சரி” என்று சொல்லிவிடலாம். தொட்டித் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வெங்காயத்துக்குப் பாய்ந்துவிட்டது என்பது போல. முறையாகக் கழற்றி, மறுபடி செருகி, பிறகு பாருங்கள்.

சித்தப்பாவுக்கு அந்தப் பகுதியை இரண்டாவது முறை இணையம் வழியாக அனுப்பினேன். நல்ல வேளை, மூலத்தை நான் நகர்த்தவில்லை. கோப்பின் கைரேகையை அவருடைய கணினியில் எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன், அவர் அங்கே பார்த்துக்கொண்டு வந்தார். பதினாறாவது எழுத்தில் பின்னால் சித்தியின் குரல் கேட்டது: “மந்திரம் சொன்னது காணும், தாலி கட்டச் சொல்லுங்கோ.” மீதி 48 எழுத்தையும் வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.